ஐந்தாவது ரோடு

நாலு வந்துவிட்டது. ஐந்தாவதுதான் வரவில்லை. சுண்டுவிரலில் ஆரம்பித்து பஸ் ஸ்டாண்டு ரோடு, மார்க்கெட் ரோடு, கோர்ட்டு ரோடு, ஸ்டேஷன் ரோடு என்று ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டு வந்த தணிகாசலம் கட்டைவிரலில் வந்து நின்றுவிட்டார். அது மட்டும் மடங்காமல் நிமிர்ந்து நின்று அவரையே பார்த்தது. இருபத்திரண்டு வருஷம், கொஞ்சமா நஞ்சமா, இருபத்திரண்டு வருஷம் அஞ்சு முக்கின் நடுவில் குடை போட்ட மேடையில் நின்று வருகிறவனை நிறுத்தி, போகிறவனை அனுப்பி, ட்ராஃபிக் ஏட்டையா என்று ஊரெல்லாம் பேர் வாங்கி ரிட்டயர் ஆன மனுஷனுக்கு, அந்த முக்கில் வந்து சேருகிற ஐந்து ரோட்டில் ஒன்றின் பேர் வரவில்லை என்றால் அதை யாரிடம் போய்ச் சொல்வது. வரும். அவசரப்படக் கூடாது. கூப்பிட்டால் வராது, விட்டுவிட்டால் தானாக வரும். பேருக்கெல்லாம் அப்படி ஒரு குணம் உண்டு. மணி பத்தே கால். வெளியே எதிர்ச்சாரியில் தண்ணித்தொட்டி நிரம்பி வழிகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மோட்டாரை அணைக்கிறவன் டீக்குப் போயிருப்பான், தினமும் இதே கதை. வேணி ரேஷன் கடைக்குப் போயிருக்கிறாள். பாமாயில் வந்திருக்கிறதாம், பக்கத்து வீட்டுக் குப்பம்மாள் காலையில் வாசலில் நின்று குரல் கொடுத்ததும் அடுப்பை அணைத்தாள், கார்டை எடுத்தாள், பையைத் தேடினாள், அந்த அமளியில் தினமும் காலையில் தவறாமல் நடக்கிற ஒரு காரியம் இன்றைக்கு நடக்காமல் போய்விட்டது. வந்து பாத்துக்கறேன், அதுக்குள்ள தூங்கிராதீங்க என்று சொல்லிவிட்டு ஓடினாள். பதினொரு மணிக்கு வந்துவிடுவாள். பதினொரு மணிக்குள் ஐந்தாவது ரோடு வந்தாக வேண்டும். பஸ் ஸ்டாண்டு, மார்க்கெட், கோர்ட்டு, ஸ்டேஷன்.

தூங்கக் கூடாது. அதுதான் முக்கியம். ராத்திரி விழித்திருந்து பகலில் தூங்கினால் அது சாதாரணத் தூக்கம் இல்லை, உடனே எனக்குப் போன் பண்ணுங்கள் என்று டாக்டரம்மா வேணியிடம் சொல்லியிருக்கிறார். நேற்று ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லை. வேணிக்குத் தெரியக் கூடாது என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு மூச்சை இழுத்து இழுத்து விட்டார், குறட்டை மாதிரி. அறுபத்து மூன்று வயசில் பெண்டாட்டி பக்கத்தில் படுத்துக்கொண்டு பொய்க் குறட்டை விடுகிற நிலைமை. இப்போது கண் சொருகுகிறது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். எதிரே சுவரோரமாக எறும்புச் சாரி ஒன்று போய்க்கொண்டிருந்தது. ஜன்னல் கட்டையில் இறங்கி, சுவரோடு வந்து, பீரோ காலைச் சுற்றித் திரும்பிப் போகிறது. போகிறது ஒரு பக்கம், வருகிறது ஒரு பக்கம், ஒன்றும் ஒன்றை முட்டவில்லை, எதிரில் வருகிறதிடம் ஒரு நொடி நின்று என்னவோ கேட்டுவிட்டுப் போகிறது. போலீஸ்காரன் இல்லாமலே எவ்வளவு ஒழுங்கு. நம் ஊரில் மேடையில் ஒரு ஆள் நின்று தொண்டை கிழியக் கத்தினாலும் மார்க்கெட் ரோட்டுக்காரன் மூக்கை நுழைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பான். மார்க்கெட் ரோடு இடது கைப் பக்கம். கோர்ட்டு ரோடு வலது கை. நேர் எதிரே பஸ் ஸ்டாண்டு. அதற்குச் சற்று ஒதுங்கி ஸ்டேஷன். கண்ணை மூடினால் நாலும் படம் போலத் தெரிகிறது. ஐந்தாவதைப் பார்க்கத் திரும்பினால் முதுகுதான் தெரிகிறது, அவருடைய முதுகு, வியர்வையில் ஒட்டிக்கொண்ட வெள்ளைச் சட்டை. ஒருத்தனுக்குத் தன் முதுகு எப்படித் தெரியும்? தலையை உதறிக்கொண்டார். இது யோசனையா, அதுவா? இதுதான் பெரிய இம்சை. எல்லாருக்கும்தான் பேர் மறக்கிறது. குப்பம்மாளுக்குப் பேரன் பேர் ஏழும் குழறுகிறது, அவளை யாரும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதில்லை. அவருக்கு மட்டும் மறந்தது மறதியா, இல்லை அந்த விஷம் மண்டைக்கு ஏறுகிறதா என்று மறந்த மண்டையை வைத்துக்கொண்டே கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

கல்லீரல் சுருங்கிப் போயிருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னது நாலு வருஷத்துக்கு முன்னால். எத்தனை வருஷமாகக் குடிக்கிறீர்கள் என்றுதான் முதலில் கேட்டார். இவர் வாயைத் திறப்பதற்குள் வேணிக்கு வந்ததே கோபம். டீதாங்க குடிப்பாரு, அதுவும் ஓசியில, என்றாள். சிரிப்பை அடக்க டாக்டரம்மா கீழே குனிந்து எதையோ எழுதினார். உண்மை அதுதான். ஒரு சொட்டு தொட்டதில்லை. மேடையில் நிற்கிற ஏட்டையாவுக்கு என்று நாலு மூலையிலிருந்தும் மாறி மாறி வந்த சர்க்கரை தூக்கலான டீயும், அதோடு வந்த பஜ்ஜியும் போண்டாவும், நாற்பது வயசில் வந்த சுகரும் சேர்ந்து ஈரலில் கொழுப்பாகப் படிந்து, படிந்தது தழும்பாகி, தழும்பு இறுகி, இவர் ஒன்றும் அறியாமல் கையைக் காட்டிக்கொண்டு நின்ற காலத்திலேயே உள்ளே எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. போன பாகம் போனதுதான், மிச்சம் இருப்பதைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டால் பல வருஷம் ஓட்டலாம், விட்டால் ஒரேயடியாக உட்கார்ந்துவிடும் என்றார் டாக்டரம்மா. அந்த மிச்சத்தை அன்றைக்கே வேணி தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள், அவளுக்கு மூத்த பிள்ளை மாதிரி. ஊறுகாய் ஜாடி பரணுக்குப் போனது. அப்பளமும் கருவாடும் வாசப்படி தாண்டவில்லை. எடை பார்க்கிற மிஷின் ஒன்று வந்தது. காலையில் வயிறு காலியானதும் அதில் ஏறி நிற்க வேண்டும், ரெண்டு நாளில் ஒன்றரை கிலோ கூடினால் சதை இல்லை, வயிற்றில் நீர், சொல்ல வேண்டும். ராத்திரி வெறும் வயிற்றோடு படுக்கக் கூடாது என்று ஒரு கைப்பிடி சுண்டல், இல்லை ரெண்டு பிஸ்கட். மலம் கறுத்துப் போனால் சொல்ல வேண்டும், தார் மாதிரி. இதையெல்லாம் ஒரு பொம்பளை தினமும் கூச்சமில்லாமல் கேட்கிறாளே, இவருக்குச் சொல்லத்தான் வாய் வரவில்லை. ஈரலுக்கு நல்லது என்று குப்பம்மாள் ஒரு வேர்ப்பொடி கொண்டு வந்து கொடுத்தாள், வேணி சிரித்த முகமாக வாங்கி வைத்து, அவள் தலை மறைந்ததும் முருங்கை மரத்தடியில் கொட்டினாள். யார் மனசும் நோகக் கூடாது, உங்க ஈரலும் நோகக் கூடாது என்றாள். அந்த முருங்கை இந்த வருஷம் காய்க்கவில்லை என்பது வேறு விஷயம்.

கொட்டினாள். அந்தச் சொல்லில் வந்து மனசு இடித்துக்கொண்டது. வேண்டாம், அந்தப் பக்கம் போக வேண்டாம். பஸ் ஸ்டாண்டு, மார்க்கெட், கோர்ட்டு, ஸ்டேஷன். போன வருஷம் ஆடி மாசம். காய்ச்சலில் நாலு நாள் படுத்துக் கிடந்தார், வயிறு நாலு நாளும் போகவில்லை, காய்ச்சல்காரனுக்கு வயிறு எங்கே போகும் என்று யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஐந்தாம் நாள் விடிந்ததும் விடியாததுமாக எழுந்து, பனியனும் லுங்கியுமாக அஞ்சு முக்குக்கு நடந்து போய், மேடை மேல் ஏறி நின்று கையைக் காட்ட ஆரம்பித்துவிட்டாராம். அவருக்கு எதுவும் ஞாபகமில்லை. மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். லாரிக்காரன் ப்ரேக் போட்டுத் திட்டினானாம். பூக்கடை திறக்க வந்தவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்களாம். ஏட்டையா காலையிலேயே ஏத்திக்கிட்டாரு என்று யாரோ சொல்ல, அது அரை மணி நேரத்தில் ஊர் முழுக்கப் போய்விட்டது. அவருடைய இருபத்திரண்டு வருஷமும் அந்த ஒரு வரியில் கரைந்துவிட்டது. வேணி தலையை முடிந்துகொண்டு ஓடி வந்தாள். இழுக்கவில்லை, கத்தவில்லை, அழவில்லை. சும்மா சொல்லக் கூடாது, அவள் இடத்தில் அவர் இருந்திருந்தால் ரெண்டு அறை விட்டிருப்பார். அவள் மேடை மேல் ஏறி அவர் பக்கத்தில் நின்று, ஏட்டையா, டியூட்டி முடிஞ்சிருச்சு, ஆள் மாத்த வந்துட்டாங்க, இறங்குங்க, என்றாளாம். உடனே சரி என்று சல்யூட் அடித்துவிட்டு இறங்கினாராம். இந்தக் கதையை அவள் ஒரே ஒரு தடவை சொன்னாள். சல்யூட் வரைக்கும் சிரித்துக்கொண்டே சொன்னவள் அதற்குமேல் சொல்ல முடியாமல் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மூன்று நாள் ஆஸ்பத்திரி. எனிமா கொடுத்து, ட்ரிப் ஏற்றி, ஒருவழியாக அவரை அவரிடமே திருப்பிக் கொடுத்தார்கள். குடலில் உண்டாகிற நஞ்சை நல்ல ஈரல் வடிகட்டிவிடும், உங்கள் ஈரலுக்கு அந்தத் தெம்பு இல்லை, அதனால் வயிற்றில் எதுவும் தேங்கக் கூடாது, தேங்கினால் நஞ்சு மூளைக்குப் போகும், தேங்கினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லணுமா ஏட்டையா என்றார் டாக்டரம்மா. அதற்குத்தான் அந்தப் பாகு மருந்து. கொழகொழவென்று, தித்திப்பு என்றால் அப்படி ஒரு தித்திப்பு. மூன்று வேளையும் குடிக்க வேண்டும், நாளைக்கு ரெண்டு மூன்று தடவை இளக்கமாகப் போக வேண்டும், குறைந்தால் மருந்தைக் கூட்ட வேண்டும், அதிகம் போனால் குறைக்க வேண்டும். குளியலறைக் கதவில் காலண்டர் தொங்குகிறது, போகிற தடவைக்கு ஒரு கோடு. பாட்டிலின் லேபிளில் வேணி பால்பாயிண்ட் பேனாவால் நாளுக்கு ஒரு கோடு இழுத்து வைப்பாள், இன்றைக்கு இது வரைக்கும், நாளைக்கு அது வரைக்கும். அப்புறம் கை. இரண்டு கையையும் முன்னால் நீட்டி, மணிக்கட்டை மேலே தூக்கி, விரலை விரித்து, பதினைந்து எண்ணும் வரை வைத்திருக்க வேண்டும், நஞ்சு ஏறியிருந்தால் கை தானாகத் தொங்கித் தொங்கி எழும் என்று செய்து காட்டிய டாக்டரம்மா, வண்டியை நிறுத்துகிற மாதிரி என்று வாயில் வந்ததும் சட்டென்று இவரைப் பார்த்துச் சிரித்துவிட்டார். வேணி அதைப் பிடித்துக்கொண்டாள். அன்றையிலிருந்து தினமும் காலையில் இவர் ஹாலில் நிற்க வேண்டும், அவள் காப்பி டம்ளரோடு அடுப்படியிலிருந்து லாரி மாதிரி வருவாள். பாம், பாம் என்று ஹாரன் வேறு. ஐம்பத்தெட்டு வயசு லாரி. இவர் கையை நீட்டி நிறுத்துவார். அவள் பதினைந்து எண்ணும் வரை அந்த இடத்திலேயே நிற்பாள், கண் மட்டும் அவர் விரல் நுனியை விட்டு நகராது. ஆடவில்லை என்றால் காப்பி. காப்பியைக் கொடுத்துவிட்டு, அஞ்சு ரோட்டையும் சொல்லுங்க என்பாள். நூறிலிருந்து ஏழைக் கழி என்று டாக்டரம்மா சொன்ன கணக்கு அவளுக்கே வராது, அதனால் ரோடு. தினமும் கடகடவென்று சொல்வார். ஐந்தையும்தான் சொல்வார். நேற்று முன்தினம் வரை ஐந்தும் இருந்தது.

சனிக்கிழமை வரைக்கும். சனிக்கிழமை வேனில் ஏறினார். ரைட்டர் சிங்காரம் வீட்டுக் கல்யாணம், கும்பகோணத்தில். ஸ்டேஷனில் கூட வேலை பார்த்தவன், போகாமல் முடியாது. வேனில் பதினாலு பேரும் ரிட்டயர்டு போலீஸ், பொம்பளைகள் யாரும் வரவில்லை, அதனால் வேணியும் வரவில்லை. பாட்டிலையும் அளவு மூடியையும் பாலிதீன் கவரில் சுற்றிப் பையில் வைத்து, கோடு போட ஒரு துண்டுச் சீட்டும் வைத்து, மறந்துராதீங்க என்று மூன்று தடவை சொல்லி அனுப்பினாள். அவரும் எவ்வளவு ஒழுக்கமாக இருந்தார் தெரியுமா. பந்தியில் ஊறுகாயை இலை ஓரத்துக்குத் தள்ளினார், அப்பளத்தைப் பக்கத்து இலைக்குக் கொடுத்தார். முழங்கால் வலிக்கிறது என்றதும் சிங்காரம் நீட்டிய வலி மாத்திரையை, வேண்டாம்ப்பா, எங்க டாக்டரம்மா தோலை உரிச்சுருவாங்க என்று பெருமையாக மறுத்தார். எல்லாம் செய்தார். அந்தப் பாகை மட்டும் குடிக்கவில்லை. குடித்தால் ஒரு மணி நேரத்தில் வயிறு கூப்பிடும். கூப்பிட்டால் வேனை நிறுத்தச் சொல்ல வேண்டும், ரோட்டோரம், பதினாலு பேர் பார்க்க, ஏட்டையாவுக்கு வயித்தால போகுதாம் என்று ஒருத்தன் ஆரம்பிப்பான், குடிச்ச வயிறு அப்படித்தான் என்று இன்னொருத்தன் முடிப்பான். ரெண்டு நாள்தானே என்று நினைத்தார். ரெண்டு நாளில் என்ன குடி முழுகிவிடும். மருந்தைக் குடிக்காமல் விட்டது கூடப் பரவாயில்லை. திரும்பி வந்தால் வேணி பாட்டிலின் கோட்டைப் பார்ப்பாளே என்று வேளைக்கு வேளை அளவு மூடியில் அளந்து, ஒரு சொட்டுக் கூடாமல் குறையாமல், கல்யாண மண்டபத்து வாஷ்பேசினில் கொட்டினார். ஆறு வேளை. துண்டுச் சீட்டில் வயிறு போனதாகச் சனிக்கு ரெண்டு, ஞாயிறுக்கு மூன்று என்று கோடு போட்டார். அதைப் பார்த்து வேணி நேற்று ராத்திரி காலண்டரில் ஏற்றிக்கொண்டாள். பரவால்லியே, ஊருக்குப் போயும் ஒழுங்கா இருந்திருக்கீங்களே என்று அவர் கன்னத்தைத் தட்டினாள். சர்வீஸில் பொய் ரிப்போர்ட் எழுதாதவன் என்று பேர். ரிட்டயர் ஆகி, தன் வயிற்றைப் பற்றித் தன் பெண்டாட்டிக்குப் பொய் ரிப்போர்ட் எழுதிக் கொடுத்திருக்கிறார். இன்று காலையில் ஒரு வேளை குடித்தார். வயிறு கல்லாகக் கிடக்கிறது. மூன்றாவது நாள்.

சரி, பார்த்துவிடலாம். யாரும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே வலது கையை நீட்டினார். மணிக்கட்டைத் தூக்கி விரலை விரித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. நன்றாகத்தான் நிற்கிறது. நாலு, ஐந்து. யாரோ கயிற்றை அறுத்துவிட்ட மாதிரி கை டக்கென்று தொங்கியது, உடனே எழுந்தது. அவர் தொங்கவிடவில்லை. அவர் தூக்கவும் இல்லை. ஆறு, மறுபடி விழுந்தது. கையை வெடுக்கென்று இழுத்து மடியில் வைத்து இன்னொரு கையால் பொத்திக்கொண்டார், யாரோ பார்த்துவிட்டதுபோல. மணல் லாரியை நிறுத்திய கை. கலெக்டர் வண்டியென்றும் பாராமல் ஒருதரம் நிறுத்திய கை. இப்போது ஐந்து எண்ணுவதற்குள் தானே விழுகிறது. அவள் வந்ததும் என்ன செய்யலாம்? தோளில் பிடிப்பு, வேனில் உட்கார்ந்து வந்தது என்று சொல்லலாம். முழங்கையை நாற்காலிக் கையில் ஊன்றிக்கொண்டால் அவ்வளவாகத் தெரியாது. பேப்பரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடலாம். ஒரே ஒரு நாள் தள்ளிவிட்டால் போதும், மூன்று வேளை மருந்தையும் ஒழுங்காகக் குடித்து எல்லாம் வெளியே போய், நாளைக் காலையில் லாரியை நிறுத்திவிடலாம், ஒருத்தருக்கும் தெரியாமல். எறும்புகள் பீரோவைச் சுற்றிப் போய்க்கொண்டே இருந்தன. எங்கேதான் போகின்றன இவ்வளவு அவசரமாக? பீரோவுக்கு அந்தப் பக்கம் அவருடைய கல்யாணப் பை இருந்தது. பையின் ஜிப் ஓரத்தில் கறுப்பாக மொய்த்துக்கொண்டிருந்தன. பாட்டில் மூடியைச் சரியாகத் திருகாமல் வைத்தது, கவரில் ஒழுகியது, எல்லாம் மெதுவாக, மிக மெதுவாக அவருக்குப் புரிந்தது. இது புரிய இவ்வளவு நேரமா? அந்த மெதுவு அவரை எறும்பை விட அதிகமாகப் பயமுறுத்தியது. பஸ் ஸ்டாண்டு, மார்க்கெட், கோர்ட்டு. ஸ்டேஷன். ஸ்டேஷன் ரோட்டில் சாயங்காலம் ஆறு மணிக்கு ரயிலுக்குப் போகிற கூட்டம் நெட்டித் தள்ளும், தனி ஆளால் சமாளிக்க முடியாது, ஒரு நிமிஷம் கவனம் பிசகினால் முக்கே கட்டிக்கொள்ளும், போக வேண்டும், நேரமாகிவிட்டது, தொப்பி எங்கே.

கதவின் தாழ்ப்பாள் கையில் சில்லென்று பட்டது. தணிகாசலம் வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். எப்போது எழுந்தார், எப்படி இங்கே வந்தார், ஒன்றும் தெரியவில்லை. செருப்பு ஒரு காலில் இருந்தது. இன்னும் அரை நிமிஷம் போயிருந்தால் தெருவில் இருந்திருப்பார். வேணி ரேஷன் கடை வரிசையில் நிற்பாள். இந்தத் தடவை ஆள் மாற்ற யாரும் வரமாட்டார்கள். தாழ்ப்பாளைப் போட்டு, அப்படியே கதவோரம் தரையில் சரிந்து உட்கார்ந்து, கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டார். சாவதைப் பற்றி அவர் ரொம்ப யோசித்ததில்லை, போலீஸ்காரனுக்கு அது பழகிய விஷயம். போகிறபோது போகட்டும். ஆனால் இருக்கும்போதே இல்லாமல் போய்விடுவது, உடம்பு மட்டும் மேடையில் ஏறி நின்று கையாட்டிக்கொண்டிருப்பது, அதை வேணி கீழே நின்று பார்ப்பது, அதை நினைக்கத்தான் முடியவில்லை. தோள்பிடிப்பு என்று சொல்ல வேண்டும் என்று எதற்காகவோ நினைத்தோமே, எதற்கு? அதுவும் நழுவிக்கொண்டிருந்தது. நழுவட்டும். சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான், அது நழுவாமல் இருந்தால் போதும். மருந்தைக் கொட்டிவிட்டேன். ரோட்டை விட்டுவிட்டு அதைப் பிடித்துக்கொண்டார். மருந்தைக் கொட்டிவிட்டேன், மருந்தைக் கொட்டிவிட்டேன், சனி ஞாயிறு, ஆறு வேளை. வாய்விட்டே சொல்லிக்கொண்டிருந்தார்.

கதவு தட்டும் சத்தம் முதுகில் கேட்டது. எழுந்து திறந்தார். வேணி ரெண்டு பாமாயில் பாக்கெட்டையும் பருப்பையும் தூக்கிக்கொண்டு, கைரேகை மிஷின் ரேகையே எடுக்கவில்லை, பத்து விரலையும் வைத்துப் பார்த்தாயிற்று, பாத்திரம் தேய்ச்சுத் தேய்ச்சு ரேகையே தேஞ்சு போச்சு என்று புலம்பியபடி உள்ளே வந்தாள். வந்தவள் கண் நேராகச் சுவருக்குப் போனது. எறும்பின் வழியே நடந்து பீரோவைச் சுற்றிப் போய்ப் பையைப் பார்த்தாள். இடுப்பில் கை வைத்துத் திரும்பினாள், முகமெல்லாம் சிரிப்பு. தாம்பூலப் பையில் கொடுத்த லட்டை ஒளித்து வைத்திருக்கிறீர்களா, சுகர்காரருக்கு லட்டு கேட்கிறதா என்றாள். கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷம் அவளுக்கு. ஆமாம் என்று சொன்னால் போதும். லட்டுக்கு ரெண்டு திட்டு வாங்கிக்கொண்டு போய்ப் படுத்துவிடலாம். கண் அப்படிச் சொருகியது. தப்பிக்க நல்ல கதவு, அவளே திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"லட்டு இல்ல வேணி. மருந்து. ரெண்டு நாளா குடிக்கல, அளந்து அளந்து கொட்டிட்டேன். நீ காலண்டர்ல போட்ட கோடெல்லாம் பொய்."

அவள் சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றது, எடுத்து வைக்க இடம் தெரியாததுபோல. பாமாயிலைக் கீழே வைத்தாள். கையை நீட்டுங்க என்று மட்டும் சொன்னாள். ஹாரன் அடிக்கவில்லை. அவர் நீட்டினார். அவள் எண்ணவும் இல்லை, எண்ண வேண்டியிருக்கவில்லை. தொங்கித் தொங்கி எழுகிற அந்தக் கையைத் தன் ரெண்டு கையாலும் பிடித்துக் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். ரோடு என்றாள். நாலைச் சொன்னார். அஞ்சாவது வரமாட்டேங்குது, பதினோரு மணிக்குள்ள வந்துரும்னு பாத்தேன் என்றார். அவள் மருந்தை ஊற்றிக் கொடுத்துக் குடிக்க வைத்தாள், சுவரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருந்த நம்பருக்குப் போன் போட்டாள், ரெண்டு நாள் மருந்து போகவில்லை, கை ஆடுகிறது, பேர் மறக்கிறது என்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். உடனே கொண்டு வாருங்கள், தனியாக நடக்க விடாதீர்கள், நல்ல நேரத்தில் சொன்னீர்கள் என்று டாக்டரம்மா சொன்னது போனுக்கு வெளியேயும் கேட்டது. சட்டை பட்டனை அவளே போட்டுவிட்டாள். மூன்றாவது பட்டனில் அவள் விரல் நின்றது. அழப் போகிறாள் என்று நினைத்தார்.

"ஆயிரம் வண்டிய நிறுத்தினவரு. ஒரு வேன நிறுத்தச் சொல்ல வெக்கமா இருந்துச்சா உங்களுக்கு?" என்றாள். கோபமாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு அவர் நெஞ்சிலேயே ஒரு நொடி நெற்றியை வைத்துக்கொண்டாள்.

ஆட்டோ தண்ணித்தொட்டியைத் தாண்டிப் போனது. மோட்டாரை யாரோ அணைத்துவிட்டிருந்தார்கள். வேணி அவருடைய கையைத் தன் மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தூங்காதீங்க, என்னைப் பாருங்க, சிங்காரம் பொண்ணுக்கு என்ன கலர் சேலை என்று கேட்டுக்கொண்டே வந்தாள். அரக்கு என்றார், இல்லை பச்சை என்றார். முக்கை நெருங்கும்போது ஆட்டோ நின்றுவிட்டது. கரண்ட் இல்லை, சிக்னல் செத்துக் கிடக்கிறது, டியூட்டி ஆளையும் காணோம். நாலு பக்கமும் மூக்கை நுழைத்துக்கொண்டு ஒருத்தனும் நகரவில்லை. வலப் பக்கத்திலிருந்து ஒரு லாரி ஹாரனை அழுத்திக்கொண்டு ஏறி வந்தது. தணிகாசலத்தின் கை தானாக எழப் பார்த்தது. எழவில்லை, மடியிலேயே துள்ளி விழுந்தது. வேணி அதைக் கீழே அழுத்தி வைத்துவிட்டு, ஆட்டோவிலிருந்து பாதி உடம்பை வெளியே நீட்டி, லாரிக்கு நேராகக் கையைக் காட்டினாள். மணிக்கட்டைத் தூக்கி, விரலை விரித்து, தினமும் காலையில் பார்த்துப் பார்த்து வந்த கை. லாரி நின்றது. அவள் கை கொஞ்சம்கூட ஆடவில்லை. ஆட்டோ கிடைத்த சந்தில் புகுந்து மேடையை ஒட்டிப் போனபோது அவர் மேடையைப் பின்பக்கத்திலிருந்து முதல் தடவையாகக் கவனித்துப் பார்த்தார். இங்கிருந்துதான் வருவாள் மத்தியான வேளையில், சோத்து கேரியரோடு. அவர் திரும்பியே பார்த்ததில்லை. வளையல் சத்தம் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கும், அவ்வளவுதான். இருபத்திரண்டு வருஷமாக இந்த ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறார், குடியிருக்கிற ரோட்டுக்கு.

"தண்ணித்தொட்டி ரோடு," என்றார்.

வேணி கையை இறக்கி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினாள். "இப்பச் சொல்லுங்க," என்றாள், "தாண்டி வந்தாச்சு."